மருந்தை அறிவோம்: பாக்லிடாக்சல் – சொன்னால்தான் பாதுகாப்பு

"சிஸ்டர், ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. கொஞ்சம் வேகமா ஏத்திவிடுங்களேன்..."

கீமோதெரபி வார்டில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் இது. சில நேரம் வேண்டுகோள்கூட இருக்காது. துணைக்கு வந்தவரே, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் டிரிப்ஸ் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை லேசாகத் திருகிவிடுவார். நல்ல எண்ணம்தான். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவை இருட்டுவதற்குள் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே!

ஆனால், அந்தப் பாட்டிலில் இருப்பது குளுக்கோஸ் அல்ல. மூன்று மணி நேரம் ஏற வேண்டிய மருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால், மூச்சுத் திணறலும் ரத்த அழுத்தச் சரிவும்கூட வரலாம்.

மார்பகம், சினைப்பை, நுரையீரல், கருப்பை வாய் எனப் பல உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கு, குறிப்பாக நோய் முற்றிப் பரவிய நிலையில், உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் ஊசி மருந்து பாக்லிடாக்சல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்திய அரசின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் சாதாரணமாகப் பயன்படுகிறது.

இந்த மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கும் வேலையில் ஒரு பாதி டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் கையில் இருக்கிறது. மறுபாதி, நோயாளியின் வாயில் இருக்கிறது. அவர் சொன்னால்தான் அவர்களால் செய்ய முடியும். எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், ஏன் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்? பார்க்கலாம்.

மரப்பட்டையில் பிறந்த மருந்து

1962 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று ஆயிரக்கணக்கான செடிகொடிகளைச் சோதித்துக்கொண்டிருந்த அரசுத் திட்டத்துக்காக அவர் செய்த வேலை அது. அந்தப் பட்டைச் சாறு புற்றுச் செல்களைக் கொன்றது.

சாற்றில் இருந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் வேதி அமைப்பை 1971-ல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இரண்டு விஞ்ஞானிகள். வாணி நம் நாட்டுக்காரர். மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்து, மும்பையில் படித்து, அமெரிக்கா போனவர்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-ல் கண்டுபிடித்தவர் சூசன் ஹார்விட்ஸ். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், அதற்குள் மெல்லிய குழாய்களால் ஒரு சாரம் எழும்ப வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதுபோல. வேலை முடிந்ததும் சாரம் பிரிய வேண்டும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, அந்தச் சாரத்தைக் கட்டவே விடாது. பாக்லிடாக்சல் இதற்கு நேர் எதிர். கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது. சாரம் பிரியாமல் மாட்டிக்கொண்ட செல், பிளக்க முடியாமல் செத்துப்போகும்.

1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994-ல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் ஒரே ஒரு தவணை மருந்துக்கே ஒரு பெரிய மரத்தின் பட்டை தேவைப்பட்டது. காடு என்னாவது என்ற கவலை எழுந்தது. இன்று அந்த நிலை இல்லை. யூ வகை மரங்களின் இலையிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கொண்டும், ஆய்வகத்தில் வளர்க்கும் தாவர செல்களைக் கொண்டும் மருந்து தயாராகிறது.

மரப்பட்டை என்றதுமே, "அப்படியென்றால் அதையே கஷாயம் வைத்துக் குடிக்கலாமே?" என்று ஒரு கேள்வி எழும். கூடவே கூடாது. யூ மரத்தின் இலையிலும் பட்டையிலும் விதையிலும் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும் வேறு ஒரு விஷம் இருக்கிறது. தவிர, பாக்லிடாக்சலை வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் அதைச் சரியாக உள்ளே விடாது. அதனால்தான் ஊசி.

விளக்கெண்ணெய் தந்த வில்லங்கம்

பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. கரையாததை ரத்தத்தில் எப்படிச் செலுத்துவது? ஆமணக்கு எண்ணெயை, அதாவது நம் விளக்கெண்ணெயை, வேதி முறையில் மாற்றி ஒரு திரவம் செய்தார்கள். அதோடு ஆல்கஹால் சேர்த்து மருந்தைக் கரைத்தார்கள். பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

1980-களில் நடந்த முதல் பரிசோதனைகளில் பலருக்குக் கடுமையான அலர்ஜி வந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது. மருந்தையே கைவிட்டுவிடலாமா என்ற நிலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாற்றங்கள் அதைக் காப்பாற்றின. ஒன்று, மெதுவாக ஏற்றுவது. இன்னொன்று, மருந்து ஏறும் முன்பே அலர்ஜியைத் தடுக்கும் மாத்திரை, ஊசிகளைக் கொடுப்பது.

இன்று வார்டில் நடக்கும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம். பாக்லிடாக்சல் பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலிலோ தனி வகைப் பையிலோதான் வரும். சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் பட்டால், அந்த விளக்கெண்ணெய்த் திரவம் பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனத்தைக் கரைத்து இழுத்துவிடும். குழாயும் தனி வகை. அதன் நடுவே சிறிய வடிகட்டி ஒன்று இருக்கும். "இந்தக் குழாய்க்கு எதற்குத் தனிக் காசு?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதுதான் பதில்.

அளவும் ஆளுக்கு ஆள் மாறும். உயரம், எடை இரண்டையும் வைத்து உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம், மூன்று மணி நேரம் ஏறும். வாரா வாரம் என்றால் 80 மில்லிகிராம், ஒரு மணி நேரம். ஒவ்வொரு தவணைக்கும் எடை பார்ப்பது சடங்கு அல்ல. இடையில் ஐந்து கிலோ இளைத்திருந்தால் அளவு மாற வேண்டியிருக்கலாம்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வாரா வாரம், நமக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையா என்று குழம்பவும் வேண்டாம். ஒரே மருந்து, வேறு திட்டம். அவ்வளவுதான்.

முந்தின ராத்திரி மாத்திரை

சில மருத்துவமனைகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, மருந்து ஏறுவதற்கு 12 மணி நேரம் முன்பும் 6 மணி நேரம் முன்பும் வீட்டிலேயே போடச் சொல்வார்கள். வேறு சில இடங்களில் அரை மணி நேரம் முன்பு நரம்பு வழியாகவே கொடுத்துவிடுவார்கள். கூடவே அலர்ஜிக்கான ஊசியும், வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் ஊசியும் போடுவார்கள்.

வீட்டு மாத்திரையில்தான் தவறு நடக்கும். முந்தின ராத்திரி பத்து மணிக்குப் போட வேண்டியதை, களைப்பில் தூங்கிப்போய் மறந்துவிடுவார்கள். காலையில் நர்ஸ், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார். மறந்தேன் என்றால் இன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், "போட்டாச்சு" என்று தலையாட்டிவிடுவார்கள்.

அந்த ஒரு தலையாட்டல் ஆபத்தானது. உண்மையைச் சொன்னால், நரம்பு வழியாக ஊசி போட்டு, சற்றுக் காத்திருந்து மருந்தை ஆரம்பிப்பதா, நாளை மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். சொல்லாவிட்டால் முடிவு செய்ய அவருக்கு எதுவும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். ஸ்டீராய்டு, ரத்தச் சர்க்கரையை ஓரிரு நாள் எகிற வைக்கும். இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து ஏறும் முன் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. மஞ்சள் காமாலை வந்திருந்தால் சொல்ல வேண்டும். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். அது சரியில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் க்ளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள், உடலில் பாக்லிடாக்சலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அதற்காக அவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

நாட்டு மருந்து, லேகியம், யாரோ சொன்ன மூலிகைப் பொடி எல்லாமும் அந்தப் பையில் இருக்க வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

மார்பக அறுவைச் சிகிச்சையில் அக்குளில் நெரிகட்டிகளை எடுத்திருந்தால், எந்தப் பக்கம் என்று ஊசி குத்தும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

அலர்ஜி பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது தவணையில், மருந்து ஏற ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்துக்குள்தான் வரும். முகம் சிவந்து சூடாவது, நெஞ்சை இறுக்குவது, மூச்சு வாங்குவது, திடீர் முதுகுவலி, உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவைதான் அறிகுறிகள்.

"சாப்பிடாம வந்ததால படபடப்பா இருக்கு போல" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. துணைக்கு வந்தவர் அந்தப் பத்து நிமிடம் டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அறிகுறி தெரிந்ததும் நர்ஸைக் கூப்பிட வேண்டும். அவர் மருந்தை நிறுத்துவார். லேசான அலர்ஜி என்றால், அது அடங்கியதும் மெதுவாக மறுபடி ஆரம்பிப்பதுண்டு. கடுமையானது என்றால் அந்த மருந்து அவருக்கு மறுபடி கிடையாது. அந்தத் தகவல் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதப்பட வேண்டும்.

ஊசி ஏறும் இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசையும் தோலும் புண்ணாகிவிடும். பாத்ரூம் போய்வந்த பின் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சாதாரண பாக்லிடாக்சல் மருந்துக் குப்பியில் இருக்கும் திரவத்தில் ஏறத்தாழ பாதி ஆல்கஹால்! 280 மில்லிகிராம் மருந்து ஏற வேண்டுமென்றால் சுமார் 47 மில்லி மருந்துத் திரவம் கலக்கப்படும். அதில் பாதி ஆல்கஹால் என்று கணக்குப் போட்டால், உள்ளே போவது எவ்வளவு என்று புரியும். இதோடு தூக்கம் வரவைக்கும் அலர்ஜி ஊசி வேறு. எனவே, சிகிச்சை முடிந்ததும் நோயாளி தானே டூவீலர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மதுப் பழக்கத்தை நிறுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

பெயர் ஒன்றுபோல் கேட்கும்

பாக்லிடாக்சல், டோசிடாக்சல் என இரண்டு மருந்துகள் உண்டு. ஒரே குடும்பம், வேறு வேறு அளவு. பாக்லிடாக்சலிலேயே ஆல்புமின் என்ற புரதத்தோடு இணைத்த புதுவகை ஒன்று உண்டு. 'நாப்' பாக்லிடாக்சல் என்பார்கள். அதில் விளக்கெண்ணெய்த் திரவம் இல்லை. அரை மணி நேரத்தில் ஏறிவிடும். அளவு, சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் வரை போகும். சாதாரண வகைக்கு அந்த அளவைக் கொடுத்தால் விபரீதம்.

மருத்துவமனைகள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பல கட்டச் சோதனை வைத்திருக்கின்றன. குடும்பமும் ஒரு கட்டமாக இருக்கலாம். குறிப்பாக, சென்னையில் ஆரம்பித்த சிகிச்சையைச் சொந்த ஊர்ப் பக்கம் தொடர்கிறவர்கள். "ஏதோ டாக்சல்னு சொன்னாங்க" என்பது போதாது. மருந்தின் முழுப் பெயர், எந்த வகை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எத்தனையாவது தவணை என்ற விவரத்தை ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் காய்ச்சல்

கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. வாந்தி பெரிதாக இல்லை. பாக்லிடாக்சலுக்குப் பொதுவாக வாந்தி குறைவு. இரண்டு, மூன்று நாளில் மூட்டு வலியும் உடம்பு வலியும் வந்து, சில நாளில் அடங்கியும்விட்டன. எல்லாம் சரி என்று நினைக்கும் நேரத்தில்தான் உண்மையான ஆபத்துக் காலம் ஆரம்பிக்கிறது.

புற்றுச் செல்போலவே எலும்பு மஜ்ஜைச் செல்களும் வேகமாகப் பிளப்பவை. அவற்றையும் மருந்து தாக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து எடுப்பவர்களுக்கு, எட்டாம் நாளிலிருந்து பதினொன்றாம் நாள் வாக்கில், நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். பின்பு மெல்ல மீளும். அடுத்த தவணைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வது, மீண்டுவிட்டதா என்று பார்க்கத்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500-க்கும், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் குறையாமல் இருந்தால்தான் வழக்கமாக அடுத்த முழுத் தவணை. குறைவாக இருக்கிறது என்று டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அது அலட்சியம் அல்ல, பாதுகாப்பு.

அந்த அடிமட்ட நாட்களில் காய்ச்சல் வந்தால்? சாதாரண நாளில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடுவோம். கீமோ எடுத்தவர் அப்படிச் செய்யக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி ஒரே ராத்திரியில் ரத்தமெல்லாம் பரவிவிடும். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைத்துக் காட்டும், கிருமியைத் தொடாது. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, அவ்வளவு நல்லது.

எமர்ஜென்சியில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "காய்ச்சல்" என்பது அல்ல. "கீமோ எடுத்துப் பத்து நாள் ஆகிறது, இப்போது காய்ச்சல்" என்பது. இந்த வரிசையில் சொன்னால்தான் டியூட்டி டாக்டர் இதை அவசரமாக எடுத்துக்கொள்வார். பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் இதே வாக்கியம்தான். காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கமும் கடும் சோர்வும் வந்தாலும் கிளம்பிவிட வேண்டும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது இந்த நோயாளிக்குப் போதாது.

சிலருக்கு வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். "இன்னைக்கே போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்று முன்கூட்டிப் போடக் கூடாது.

பூத் தொடுக்க முடியாத விரல்கள்

நரம்புகளுக்குள்ளும் அதே நுண்ணிய குழாய்கள் உண்டு. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை சரக்குப் போகும் பாதை அது. பாக்லிடாக்சல் அதையும் முடக்கும். அதனால் நீளமான நரம்புகளின் முனைகளில், கால் விரல்களிலும் கை விரல்களிலும், ஊசி குத்துவதுபோலவும் எறும்பு ஊர்வதுபோலவும் உணர்வு வரும். தவணை கூடக்கூட மரத்துப்போகும்.

முதலில் சின்னச் சின்னதாகத் தெரியும். பூ தொடுக்கும்போது நார் விரலில் நிற்காது. சட்டைப் பட்டன் போட நேரமாகும். கோலப்பொடி விரலிடுக்கில் கட்டுப்படாது. செருப்பு காலிலிருந்து கழன்றதுகூடத் தெரியாமல் இரண்டடி நடந்துவிடுவார். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

பலர் சொல்லாமல் மறைப்பது இதைத்தான். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மருந்தை நிறுத்தினால் நோய் ஜெயித்துவிடும் என்ற பயம். ஆரம்பத்திலேயே சொன்னால் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், வேறு மருந்துக்கு மாறலாம். மறைத்து மறைத்து நடக்கத் தடுமாறும் நிலையில் சொன்னால், மருந்தை நிறுத்திய பிறகும் மரப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். முற்றிய நோயோடு வாழ்கிறவருக்கு, தன் கையால் சாப்பிடுவதும் தன் காலால் பாத்ரூம் போவதும் சின்ன விஷயங்களா என்ன?

மரப்பு உள்ளவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. குளிக்கும் வெந்நீரை வேறு ஒருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அடுப்படியில் சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடிக்கக் கூடாது. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

வீட்டில் ஒதுக்கி வைக்கலாமா?

கீமோ எடுத்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. தேவையில்லை. புற்றுநோய் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே அறையில் தூங்கலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் அவரிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். அது அவரைக் காப்பாற்றுவதற்காக.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மருந்து ஏறிய முதல் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கலாம். டாய்லெட் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. நர்ஸ்கள் கவுனும் கையுறையும் போட்டுக்கொண்டு வருவதற்கும் இதுவே காரணம். அவர்கள் வாழ்நாள் முழுக்க நாள்தோறும் இந்த மருந்துகளைத் தொடுகிறவர்கள்.

சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பின் டாக்டர் சொல்லும் மாதங்கள் வரையும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. ஆண்களுக்கும் கருத்தடை அவசியம். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் முதல் தவணைக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

முடி கொட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் ஆரம்பித்து, புருவம் வரை போகலாம். சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோதெரபி சேர்க்கப்பட்டிருக்கிறது. பணம் போதாமல் ஒரு தவணையைத் தள்ளிப்போட நேர்ந்தால், சொல்லாமல் வராமல் இருப்பதைவிட, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்வதுதான் நல்லது.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்"

இதுவரை பார்த்ததில் ஒன்று கவனத்துக்கு வந்திருக்கும். நெஞ்சு இறுக்கம், ஊசி இடத்து எரிச்சல், குளிர் நடுக்கம், விரல் மரப்பு, மறந்துபோன மாத்திரை என எதையும் முதலில் அறிபவர் நோயாளி மட்டுமே. எந்தக் கருவியும் அவரை முந்தாது.

ஆனால், நம் வீடுகளில் அந்த ஒருவரிடம்தான் எதுவும் சொல்வதில்லை. "கட்டி, கரைக்கிறதுக்கு டிரிப்ஸ் போடறாங்க" என்று சமாளிப்பார்கள். தாங்க மாட்டார் என்ற அன்பும் பயமும்தான் காரணம். சத்துக்கு டிரிப்ஸ் ஏறுவதாக நம்பும் அம்மா, பத்தாம் நாள் குளிர் அடித்தால் இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பார். மகனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விடியும்வரை காத்திருப்பார். அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால் எழுப்பியிருப்பார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று இல்லை. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்கம்மா?" என்று டாக்டர் அவரையே கேட்கலாம். சிலர் எல்லாம் வேண்டும் என்பார்கள். சிலர், "அதெல்லாம் என் பையன்கிட்ட பேசுங்க" என்பார்கள். அதுவும் அவர் உரிமை. ஆனால், உடம்பில் ஏறுவது வீரியமான மருந்து, இந்த இந்த அறிகுறி வந்தால் எந்நேரமும் சொல்ல வேண்டும் என்பதையாவது அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முற்றிய நோயில் இன்னொரு பேச்சும் உண்டு. அங்கே பாக்லிடாக்சல் நோயை அடியோடு துடைக்கக் கொடுக்கப்படுவதில்லை. நோயைச் சுருக்கி, வேதனையைக் குறைத்து, நாட்களைக் கூட்டக் கொடுக்கப்படுகிறது. சில தவணைக்குப் பின் ஸ்கேன் எடுத்து, பலன் இருக்கிறதா, உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பலனைவிடப் பாடு அதிகம் என்றால், மருந்தை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு முடிவுதான். வலியைக் குறைக்கும் பராமரிப்பு அதன்பின்னும் தொடரும். கீமோ நடக்கும்போதே அதைச் சேர்த்துத் தரவும் கேட்கலாம். இந்த முடிவை எடுக்கும் இடத்தில் நோயாளியின் குரல் இல்லாமல் போகக் கூடாது.

உடனே மருத்துவமனைக்கு:

• காய்ச்சல் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல், குளிர் நடுக்கம்
• மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், முகம் அல்லது நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு
• நிற்காத வாந்தி அல்லது பேதி. தண்ணீர்கூடத் தங்காத நிலை
• ஈறு, மூக்கு, சிறுநீர், மலத்தில் ரத்தம்
• ஊசி ஏறிய இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி, சிவப்பு, கொப்புளம்
• மயக்கம், குழப்பமான பேச்சு

நோயாளியின் நோட்டில் இருக்க வேண்டியவை:

• மருந்தின் முழுப் பெயர், வகை, அளவு, தவணை எண், தேதி
• ஒவ்வொரு தவணை நாளிலும் எடை. கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு
• ஏற்கெனவே வந்த அலர்ஜி
• தினமும் சாப்பிடும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்து உட்பட
• எந்த நாளில் என்ன தொந்தரவு வந்தது, எத்தனை நாள் இருந்தது
• ராத்திரியில் கூப்பிட வேண்டிய வார்டு எண், அருகிலுள்ள பெரிய மருத்துவமனை, 108

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மகனோ மகளோ எழுதிக் கொடுக்கலாம். ஆனால், என்ன எழுத வேண்டும் என்று சொல்பவர் நோயாளியாக இருக்கட்டும். அடுத்த தவணைக்குப் போகும்போது, டாக்டர் முன் அதைப் பிரித்து வைப்பவரும் அவராகவே இருக்கட்டும்.